நட்சத்திரமிட்ட நான்கு எண்கள்

தேவிகுளத்துக்குத் தமிழ்ப் பத்திரிகை போடியிலிருந்து மலையேறி வருகிறது. மற்ற நாட்களில் அது எப்போது வந்து சேர்ந்தாலும் எனக்குக் கவலையில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பதினொரு மணிக்கே பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றுவிடுவேன். அன்றைய இணைப்பிதழின் கடைசிப் பக்கத்தில் குறுக்கெழுத்துப் புதிர் இருக்கும்.

புதிர் என்னுடையது அல்ல. அலுவலகத்தில் என் பக்கத்து மேசை அக்காவுடையது. நான் கிழக்குப் பாலக்காட்டுக்காரி, வயல்காட்டு வீடு. அரசு வேலை கிடைத்து, வரைபடத்தில் தேவிகுளம் எங்கே என்று தேடிப் பார்த்துவிட்டு மலையேறியவள். அக்கா மாட்டுப்பட்டி சாலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவருடைய மேசைக் கண்ணாடிக்கு அடியில் கட்டம் கட்டமாக ஏதோ இருப்பதைப் பார்த்து, என்னக்கா அது என்று கேட்டேன். அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டேன்.

அக்காவிடம் ஓர் ஒழுங்கு உண்டு. ஞாயிறு மாலை தனியாகப் பென்சிலில் போடுவார். திங்கள் மதியம் சாப்பாட்டு வேளையில் மிச்சத்தை என்னிடம் காட்டுவார். செவ்வாய் முழுக்க எதையும் தொடமாட்டார், சும்மா பார்ப்பார். அதற்குப் பிறகுதான் பேனா. புதன் ஐந்து மணிக்குள் கட்டத்தைப் படமெடுத்துத் தன் எண்ணிலிருந்து வாட்ஸாப்பில் அனுப்ப வேண்டும். அச்சான கட்டத்தில்தான் நிரப்ப வேண்டும், ஒருவருக்கு ஒரு கட்டம்தான், அடித்தல் திருத்தல் கூடாது. பத்திரிகையின் விதி அப்படி.

இன்னொரு விதியும் இருந்தது. தொடர்ந்து ஐம்பத்திரண்டு வாரம் ஒரு தவறும் இல்லாமல் அனுப்புகிற வாசகருக்கு, ஒரு வாரத்துப் புதிரை அவரே அமைத்துத் தர இடம் கொடுப்பார்கள். பெயரோடு, ஊரோடு. ஒரு வாரம் பிசகினால் மறுபடி ஒன்றிலிருந்து. அக்கா அப்போது ஐம்பத்தொன்றில் நின்றார்.

பரிசு என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்தே நோட்டு ஒன்றில் சொந்தமாகக் குறிப்புகள் எழுதி வைத்திருந்தார். நான் பார்த்தது அதன் அட்டையை மட்டும். "இத அச்சுல பாக்கணும், அவ்வளவுதான்" என்பார். இதைவிடப் பெரிய ஆசையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

ஐம்பத்திரண்டாவது புதிர் வந்தது ஆடி மழையில். மலையாளக் கணக்கில் கர்க்கடகம். மின்சாரம் வந்து வந்து போகும், கைப்பேசியில் சிக்னலும் அப்படியே. அந்தப் புதிருக்கு 'வரிசை எண்' என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். மற்றக் குறிப்புகளெல்லாம் வழக்கம்போல. ஆனால் நான்கு இடங்களில் நட்சத்திரம் போட்டு, குறிப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண். ஒன்று, நான்கு, ஐந்து, பத்து. கீழே பொடி எழுத்தில், "இவை எதன் எண்கள் என்பது உங்கள் பாடு" என்று நக்கலாக ஒரு வரி.

திங்கள் மதியம் அக்கா தயிர்சாதத்தைத் திறந்தபடி கட்டத்தை என் பக்கம் தள்ளினார்.

"இந்த நாலும் ஒரு ஆத்துக் குறிப்பும் மட்டும் கெடக்குட்டி. ஞாயித்துக்கெழம பூரா முட்டிப் பாத்தாச்சு. பத்து தலைன்னு ராவணன வச்சேன், நாலு வேதம்னு வச்சேன். ஒண்ணும் ஒண்ணோட சேரமாட்டேங்கு."

எனக்கு உள்ளே ஏதோ சுறுசுறுவென்று ஏறியது. எதைப் பார்த்தாலும் உடனே அவிழ்க்க வேண்டும் எனக்கு, சோறு ஆறட்டும். எண்கள் பத்து வரை போகின்றன, ஆகவே கிழமை இல்லை. ராசியோ மாதமோ இருக்கலாம். மாதம் என்று வைத்துக்கொண்டால்? நான்காவதற்கு ஏழு கட்டம். கடைசிக் கட்டம் 'கு' என்று அக்கா போட்டிருந்தார், குறுக்கே 'குடை' இறங்கியதால். நான்காம் மாதம், ஏழு எழுத்து, 'கு' என்று முடிவு. அகல்விளக்கு! விரல் விட்டு எண்ணினேன். ஏழு.

அதற்கு மேல் என்னை யாராலும் நிறுத்தியிருக்க முடியாது. ஒன்று, ஐந்து கட்டம்: பூக்களம். பத்து, நான்கு கட்டம், இரண்டாவது எழுத்து 'ரு' ஏற்கெனவே 'அருவி'யிலிருந்து வந்திருந்தது: பெருமழை. ஐந்து, ஆறு கட்டம்: வெண்பொங்கல். நான்கும் விழுந்தன. எழுத்து எண்ணிக்கை சரி, குறுக்கே ஏற்கெனவே நின்ற எழுத்துகளும் ஒன்று தவிரச் சரி. இப்படி நான்கு விடைகள் தற்செயலாகப் பொருந்துமா என்ன?

அந்த நேரம் பார்த்து அக்காவை முன்பக்கம் கூப்பிட்டார்கள். நிலத்துக்குப் பட்டயம் கேட்டு ஒரு கூட்டமே மழையில் நனைந்து வந்திருந்தது. அவர் போனார். அவருடைய பேனா மேசையில் இருந்தது.

நான் பேனாவை எடுத்தேன்.

நான்கையும் மையில் எழுதினேன். ஓரிடத்தில் மட்டும் அக்காவின் பென்சில் சொல் இடித்தது. 'பிறந்த வீட்டுப் பெண்' என்ற குறிப்புக்கு அவர் 'மகள்' என்று போட்டிருந்தார். வெண்பொங்கலின் 'ங்' அதன் நடுவில் விழுந்தது. அழித்து 'மங்கை' ஆக்கினேன். அக்கா விட்டுவைத்திருந்த 'ஆற்றைக் கடக்கலாம், சுற்றிக்கொண்டே' என்ற குறிப்புக்கு நான்கு கட்டம், 'ல்' என்று முடிவு. முதலெழுத்து, பூக்களத்தின் நடுவிலிருந்து, 'க'. கப்பல் என்று எழுதினேன்.

அக்கா திரும்பி வந்து மையைப் பார்த்தார்.

"ஏட்டி, இன்னிக்குத் திங்கக்கெழம."

"தெரியுங்க்கா. ஆனா எல்லாம் விழுந்திருச்சுங்க. எண்ணிப் பாருங்க."

எண்ணினார். உதட்டைப் பிதுக்கினார். "கப்பலு ஆத்துல எங்கட்டி போவுது?"

"பெரிய ஆறுன்னா போகுங்க்கா. அமேசான்ல போகுது."

"நீ அமேசானுக்குப் போயிட்டு வந்தியாக்கும். அதுவும் சுத்திக்கிட்டே போகுதாம்."

ஆனால் மற்றவை பொருந்திய விதம் அவரையும் கொஞ்சம் அசைத்திருக்க வேண்டும். எதன் எண்கள் என்று கேட்டதற்கு, "மாச வரிசைங்க்கா" என்றேன். தலையாட்டினார். அன்றைக்கு மனுக்கள் நூறைத் தாண்டின. அதற்கு மேல் பேச நேரமில்லை.

புதன் காலை அவர் குடையைக்கூட மடக்காமல் என் மேசைக்கு வந்தார்.

"அது பரிசல்டி."

"எதுங்க்கா?"

"கப்பல். ராத்திரி பூரா உறுத்திச்சு. சுத்திக்கிட்டே ஆத்தக் கடக்கது பரிசல்லா! அப்பம் மொத எழுத்து ப. அப்பம் உன் பூக்களம் அவுட். நடுவுல ப வச்சு அஞ்சு எழுத்து என்ன?"

"வேப்பம்பூ..." என்று இழுத்தேன். "ஆனா அது சித்திரைல வர்றதுங்க்கா. ஒண்ணாவது மாசம் ஆவணி தானுங்க?"

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "என்ன சொன்ன?"

"ஒண்ணாவது மாசம் சிங்கம், ஓணத்துக்குப் பூக்களம் போடற மாசம். அதாவது நம்ம ஆவணி."

"வருசம் எப்பட்டி பொறக்குது?"

"சிங்கம் ஒண்ணு. கிருஷி பவன் ஆபீஸ்ல விவசாயிகளைக் கூப்பிட்டுப் பொன்னாடை போத்துவாங்களே, அன்னைக்கு."

"அப்பம் சித்திர ஒண்ணுக்கு என்ன?"

"அது விஷு. கனி பார்ப்போம்."

"அன்னிக்கு வருசம் பொறக்கலியா?"

எங்கள் வீட்டில் பேசுவது தமிழ். சமையலறையில் மாட்டியிருப்பது மலையாளக் காலண்டர். விதைப்பும் அறுப்பும் அதன்படிதான் நடக்கும், பள்ளிக்கூடத்தில் மாதங்களை ஒப்பித்ததும் சிங்கத்தில் தொடங்கித்தான். சித்திரையில் ஆண்டு பிறக்கிறது என்று தமிழ்நாட்டில் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததை அங்கேயே போடியில் இறக்கி வைத்துவிட்டு, வீட்டுக் காலண்டரோடு புதிருக்குள் போயிருக்கிறேன். அக்காவின் லயத்து வீட்டிலோ தென்காசிப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் கொண்டுவந்து கொடுக்கும் தினசரி கிழிக்கிற காலண்டர். அவர் "மாச வரிசை" என்று கேட்டு, தன் வரிசையை நினைத்துத் தலையாட்டியிருக்கிறார்.

சித்திரையிலிருந்து எண்ணினோம். நாலு ஆடி. ஏழு கட்டம், 'கு' என்று முடிய வேண்டும்.

"ஆடிப்பெருக்கு" என்றார் அக்கா. அந்த வாரத்து இணைப்பிதழின் அட்டையிலேயே அதுதான் இருந்தது. அட்டையை நான் பார்த்தால்தானே.

ஐந்து ஆவணி, கொழுக்கட்டை. நடுவில் 'க', ஆகவே மகள் மகளே. பத்து தை, இரண்டாவது எழுத்து 'ரு', கரும்பு. என் பத்தோ இடவம், மழை தொடங்குகிற வைகாசி. எனக்குப் பயத்திலும் ஓர் ஆச்சரியம். இரண்டு காலண்டர்களும் ஒரே கட்டத்துக்குள் இவ்வளவு தூரம் இடிக்காமல் எப்படிப் போயின? அகல்விளக்கும் ஆடிப்பெருக்கும் ஒரே நீளம், ஒரே முடிவு. அதைச் சொல்லவும் செய்தேன்.

"அத அப்புறம் வியக்கலாம். இப்பம் மையில இருக்கத என்ன செய்ய?" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

புதுக் கட்டம் வேண்டும். தேவிகுளத்துக்கு அந்தப் பத்திரிகை வருவதே சில பிரதிகள். முகவரிடம் மீந்தது திங்களன்றே திரும்பிப் போய்விட்டது. தேநீர்க் கடையில் கேட்டேன். கடைக்காரர் உள்ளே போய் இணைப்பிதழைத் தேடிக் கொண்டுவந்தார். கடைசிப் பக்கம் முழுக்க பஜ்ஜி எண்ணெய்.

"வேறென்ன வேணும், சினிமாப் பக்கமா? அது நல்லா இருக்கு" என்றார்.

என் வீட்டிலும் அதே பத்திரிகைதான், கோயம்புத்தூரிலிருந்து வருவது. இணைப்பிதழ் ஒன்றேதான். அம்மா பால் சொசைட்டியிலிருந்து திரும்ப மூன்று மணி ஆகும். மூன்றேகால் வரை முயன்று, அலுவலகத்தின் பின்புறப் படியில், சிக்னல் நிற்கும் ஒரே இடத்தில், அம்மாவைப் பிடித்தேன். ஸ்பீக்கரில் போட்டேன். அக்கா மேல்படியில் குடையோடு.

"அம்முணி, சாப்ட்டயா?"

"சாப்ட்டேம்மா. ஞாயித்துக்கெழமை பேப்பரோட ஒரு புஸ்தகம் வந்துதல்ல, அது எங்கம்மா?"

"மிக்சிக்கு அடியில போட்டிருக்கறேன். எதுக்கு?"

"கடைசிப் பக்கம் நல்லா இருக்குதா பாரும்மா. கட்டம் போட்டிருக்கும்."

சத்தம். மிக்சி நகர்கிறது. "சட்டினி தெறிச்சிருக்குது. கறுப்புக் கட்டத்துலதான். பரவால்லியா?"

அக்கா வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

நான் சொல்லச் சொல்ல அம்மா மையில் எழுத வேண்டும், பிறகு படமெடுத்து எனக்கு அனுப்ப வேண்டும், அதை அக்கா தன் எண்ணிலிருந்து அனுப்புவார். யார் கையெழுத்து என்பதைப் பற்றி விதி எதுவும் சொல்லவில்லை. மேல் வரிசையிலிருந்து ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். வேப்பம்பூ வரை தொல்லையில்லை. நான்கில் அம்மா நின்றுவிட்டாள்.

"நாலுன்னு நம்பர் மட்டும் போட்டிருக்குது. அதுக்கு எதுக்கு ஆடிப்பெருக்கு?"

"மாச வரிசைம்மா. எழுதும்மா."

"மாசம்னா நாலாவது விருச்சிகம். கார்த்திகை. வெளக்குல்ல வரோணும்? தப்பா எழுதி அனுப்பறதுக்கு நா எதுக்கு?"

மேல்படியில் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். "ஏட்டி, இது ஒங்க குடும்பத்து வியாதிலா!"

"ஆருடி அது சிரிக்கறது?"

"என்ற பக்கத்து மேசை அக்காம்மா. அவங்களுதுதான் இது. ஒரு வருசமா தப்பே இல்லாம போட்டவங்க. இத அஞ்சு மணிக்குள்ள அனுப்பலீன்னா எல்லாம் போச்சு. சித்திரையில இருந்து எண்ணும்மா."

"சித்திரையிலிருந்து ஆரு எண்ணுவாங்க..." என்று முனகிக்கொண்டே எழுதினாள். கரும்பும் முடிந்தது. கடைசிக்கு முந்தின வரிசைக்கு வந்தோம். ஐந்து, ஆறு கட்டம் என்று சொல்லும்போது மழை ஓங்கியது. அழைப்பு அறுந்தது.

மறுபடி கிடைக்கப் பதினெட்டு நிமிடம் ஆனது. மணி நான்கு இருபது.

"நீ பேசவே இல்ல, அதுனால அந்த அஞ்ச நானே போட்டுட்டேன்" என்றாள் அம்மா, சந்தோஷமாக. "மாசம்னு சொன்னயல்ல. அஞ்சாவது தனு, மார்கழி. வெண்பொங்கல். சரியா ஆறு எழுத்து!"

அக்கா படியில் உட்கார்ந்துவிட்டார், நனைந்த படியிலேயே.

"பேனாவிலயாம்மா?"

"பின்ன? மையிலதான் எழுதோணும்னு நீதான சொன்ன?"

யாரைக் கோபித்துக்கொள்வது? அம்மா செய்தது அச்சு அசல் நான் செய்தது. எனக்கு அழுகையாக வந்தது. அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார், செவ்வாய்க்கிழமைகளில் கட்டத்தைப் பார்க்கிற அதே பார்வை. பிறகு கையை நீட்டிக் கைப்பேசியை வாங்கினார்.

"அம்மா, நான் அந்த அக்காதான் பேசுதேன். போன வாரத்துப் புஸ்தகம் வீட்டுல இருக்கா?"

"இருக்குங்க. அரிசி டப்பாக்கு அடியில."

"அதுலயும் இதே மாதிரிக் கட்டம் இருக்கும். யாரும் எழுதியிருக்க மாட்டாங்கள்லா?"

"இங்க ஆருங்க எழுதறது?"

"அதுல வரிசையா ஆறு வெள்ளைக் கட்டத்த வெட்டி எடுங்க. இதுல அஞ்சாம் நம்பர் இருக்க எடத்துல மேல ஒட்டிருங்க."

நான் அவர் கையைப் பிடித்தேன். "அக்கா, அடித்தல் திருத்தல் கூடாதுன்னு..."

"அடிக்கல. திருத்தல. ஒட்டக்கூடாதுன்னு எங்கட்டி போட்டிருக்கான்? காட்டு."

காட்ட முடியவில்லை. அந்தப் பக்கம் அம்மா, "செத்த இருங்க, கோந்து இல்லை, சோத்துப் பருக்கையில ஒட்டறேன்" என்றாள். கத்தரிக்கோல் சத்தம் மழைக்கு நடுவே எங்களுக்குக் கேட்டது. பிறகு கொழுக்கட்டை, எழுத்து எழுத்தாக. மகளின் 'க' நடுவில் உட்கார்ந்ததும் அம்மாவே, "அட, இதுவுஞ் சேருதே!" என்றாள். அவள் குரலில் என்னுடையதே போன்ற ஓர் ஆவல். எனக்கு இது எங்கிருந்து வந்தது என்று அதற்கு முன் யோசித்ததில்லை. கடைசி வரிசையையும் சொல்லி முடித்தேன்.

படம் வந்தபோது நான்கு ஐம்பத்து மூன்று. ஐந்தாம் எண் வரிசை கொஞ்சம் புடைத்துக்கொண்டு, ஓரத்தில் சோற்றின் ஈரம். அக்கா ஒரு முறை முழுக்கப் படித்தார். அந்த ஏழு நிமிடத்திலும் அவருக்கு ஒழுங்கு. அனுப்பினார். படத்தின் மேல் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. போய்விட்டது என்று டிக் விழ நாங்கள் படியில் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து, இரண்டு படி ஏறி, மூன்று படி இறங்கி, ஒருவழியாக விழுந்தபோது ஐந்துக்கு ஒரு நிமிடம் இருந்தது.

அடுத்த பதினொரு நாளும் அக்கா அதைப் பற்றிப் பேசவே இல்லை. நான்தான் தினமும் கேட்டேன், ஏற்பார்களா, ஒட்டியது தெரியுமா, பெரிதாக்கிப் பார்ப்பார்களா. "ஏ பிள்ள, ஃபைலப் பாரு" என்பார்.

முடிவு வந்த ஞாயிறு, பேருந்திலிருந்து கட்டு இறங்கியதும் கயிற்றை அவிழ்க்கும் வரை எனக்குப் பொறுமையில்லை. எல்லாம் சரியாக எழுதியவர்கள் பட்டியலில் பெயர்கள் குறைவாகவே இருந்தன. நான்காவது பெயர் அக்காவுடையது, தேவிகுளம் என்று ஊரோடு. அன்று மாலை அவருக்கு ஒரு செய்தியும் வந்தது. ஐம்பத்திரண்டு வாரம் நிறைவடைந்ததாகவும், மாத முடிவுக்குள் அவர் ஒரு புதிரை அமைத்து அனுப்பலாம் என்றும். ஒட்டியதைக் கவனித்தோம், விதியில் இல்லாததால் ஏற்றுக்கொண்டோம் என்று கடைசியில் ஒரு வரி. அடுத்த வாரத்துக் கட்டத்துக்குக் கீழே, "அடித்தல், திருத்தல், ஒட்டுதல் கூடாது" என்று போட்டிருந்தார்கள். அம்மாவுக்குப் படமெடுத்து அனுப்பினேன். "என்னாலயா?" என்று கேட்டுவிட்டு, இரண்டு நாள் பால் சொசைட்டி முழுக்கக் காட்டியிருக்கிறாள்.

திங்களன்று அக்கா கோடு போட்ட ஒரு தாளோடும் அந்தப் பழைய நோட்டோடும் வந்தார். நான் நாற்காலியை இழுத்துக்கொண்டு போனேன்.

"நீ இங்க வரப்படாது."

"ஏனுங்க்கா?"

"அனுப்பதுக்கு முன்ன யாராவது போட்டுப் பாக்கணும்லா. ஒன்ன மாதிரி அவசரக்காரி எங்கெங்க வழுக்குவான்னு எனக்குத் தெரியணும். அதனால நீ பாக்கக்கூடாது. பேனாவ வீட்டுலேயே வச்சிட்டு வா."

இரும்பு அலமாரிக்குப் பின்னால் தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். எனக்குத் தெரிவது அவருடைய முழங்கையும், அவ்வப்போது அழிக்கும்போது ஆடுகிற மேசையும் மட்டும். மூன்று நாளாக இதுதான். நேற்று மதியம் அங்கிருந்தபடியே குரல் கொடுத்தார்.

"ஏட்டி, கோழி எத்தன நாளு அடகாக்கும்?"

"இருபத்தொண்ணுங்க்கா. எதுக்குங்க?"

"ஒனக்கெதுக்கு?"

பிறகு அரை மணி நேரம் கழித்து, "வாத்து?" என்றார். அது எனக்குத் தெரியவில்லை. அம்மாவைக் கேட்டுச் சொன்னேன், இருபத்தெட்டு. இருபத்தொன்று, இருபத்தெட்டு. குஞ்சுகளா, நாட்களா, ஏழின் மடங்குகளா? அலமாரிக்கு அந்தப் பக்கம் பென்சில் உரசுகிறது. நான் இங்கே ஒரு மனுவை நான்காவது தடவையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.